எழுத இடமில்லாத அட்டை

கப்பல் பயணம் பற்றித் தம்பி தொலைபேசியில் முதன்முதலாகச் சொன்னபோது, புளியங்குளம் சந்தியில் உள்ள என் போட்டோக்கொப்பிக் கடையில் மின்சாரத்துக்காகக் காத்து நான் சும்மா குந்தியிருந்தேன். எரிபொருள் வரிசையும் மின்வெட்டுமாக நாடு நின்றுபோயிருந்த காலம் அது. நாங்கள் மண்ணெண்ணெய்க்கு வழி தேடிக்கொண்டிருக்க, இவன் கனடாவிலிருந்து உல்லாசக் கப்பல் என்கிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உனக்கென்ன விசரே?" என்றேன்.

"பேசாதேங்கோ அக்கா. முதல்ல கேளுங்கோ."

கேட்டேன். தம்பி அகதியாகக் கப்பலேறிப் போனவன். அவனிடம் இருப்பது கடவுச்சீட்டு அல்ல, அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் செல்லும் என்று அதில் அச்சடித்திருக்கிறது. எங்கள் அம்மா இருப்பதோ அந்தத் தவிர்ந்த நாட்டில். பன்னிரண்டு வருடமாக அம்மா அவனைத் தொலைபேசித் திரையில் மட்டும்தான் பார்க்கிறார். அம்மாவுக்கு வயது எழுபத்துமூன்று, மூச்சிழுப்பு வேறு. இன்னும் எத்தனை வருடம் என்று நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமலே எண்ணிக்கொண்டிருந்தோம்.

அவன் கண்டுபிடித்து வைத்திருந்தது எங்கேயும் போகாத ஒரு கப்பல். சிங்கப்பூரில் புறப்பட்டு, நாலு நாள் கடலில் சுற்றிவிட்டு, வேறெந்த நாட்டிலும் ஆளை இறக்காமல் சிங்கப்பூருக்கே திரும்பிவிடும். எங்களுக்குச் சிங்கப்பூர் போக முன்கூட்டி விசா தேவையில்லை. அவன் தனக்கு எடுத்துவிட்டான்.

"அப்ப சிங்கப்பூரிலயே ஒரு அறையில நிண்டாக் காணாதே? கப்பல் ஏன்?"

"அண்டைக்குக் கப்பல் ஏறேக்க அம்மாவுக்குச் சொல்லாமல் போனனான் அக்கா. இந்த முறை அவாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டுதான் ஏறுவன்."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. "சரி, என்னென்ன பேப்பர் வேணுமெண்டு சொல்லு," என்றேன்.

அவன் சொல்லச் சொல்ல, பாவித்த தாளொன்றின் பின்பக்கத்தில் எழுதினேன். நாடுகள் கொரோனா விதிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டிருந்தன, கப்பல்காரர் தளர்த்தவில்லை. புறப்பட முன் ஒரு பரிசோதனை, கப்பலடியில் இன்னொன்று. எவருக்கும் தடுப்பூசி அட்டை வேண்டும். அறுபது தாண்டியவர்களுக்கு மூன்றாவது ஊசி போட்டதற்கும் அத்தாட்சி வேண்டும். அம்மாவின் பெயரில் கடவுச்சீட்டே இல்லை. வவுனியா அலுவலகத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்று அதை எடுத்தோம். வெளிநாட்டுக்கு ஓடும் இளம் பெடியள் நிறைந்த அந்த வரிசையில், அம்மா பிளாஸ்ரிக் கதிரை ஒன்றில் இருந்து, பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் தான் மகனைப் பார்க்கக் கப்பலில் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கடவுச்சீட்டு கிடைத்த அன்று எனக்குப் பெரிய தெம்பு. மற்றப் பேப்பர்கள் எல்லாம் வீட்டிலேயே பத்திரமாக இருக்கின்றன என்று நினைத்தேன். பத்திரமாகத்தான் இருந்தன. அதுதான் வினை.

எங்கள் குடும்பத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இனக்கலவரத்துக்குப் பிறகு வன்னிக்கு வந்து, ஜெயபுரத்தில் காடு வெட்டிக் குடியேறியவர்கள். அம்மாவின் பேச்சில் மலைநாடு இன்னும் இருக்கிறது. நாங்கள் பிள்ளைகள் பேசுவது வன்னித் தமிழ். அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தை ஓர் அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு வா என்றார்களாம். அந்த நாளை வரவேயில்லை. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவராக அவர் பல வருடம் திரிந்தார். பிறகு நாங்கள் சேர்த்த பேப்பர்களெல்லாம் கடைசிச் சண்டையின் இடப்பெயர்வில் சேற்றிலும் தண்ணீரிலும் போயின. என் பிறப்பத்தாட்சியை நானே கண்முன்னால் கூழாகப் பார்த்தேன்.

ஆகவே, சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து வந்து கடை போட்டதும் போட்டோக்கொப்பி இயந்திரத்தோடு ஒரு லெமினேற் இயந்திரமும் வாங்கினேன். பிளாஸ்ரிக்குக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டிவிட்டால் மழையும் சேறும் ஒன்றும் செய்யாது. எங்கள் சந்தியில் ஒரு பேப்பர் கைக்கு வந்தால், அடுத்த வேலை அதை என் கடைக்குக் கொண்டுவருவது. பிறப்பத்தாட்சி, மரண அத்தாட்சி, காணி அனுமதி, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு. இரண்டாவது கொரோனா ஊசி போட்ட கிழமை ஊரே அட்டையோடு வந்தது. எல்லாவற்றையும் லெமினேற் பண்ணிக் கொடுத்தேன். முதலில் பண்ணியது அம்மாவின் அட்டை. மூலைகளை வட்டமாக வெட்டி அழகு வேறு பார்த்தேன்.

மூன்றாவது ஊசி என்று ஒன்று வரும் என எவருக்குத் தெரியும்?

அது வந்தபோது அம்மா ஜெயபுரத்துப் பழைய வீட்டில் இருந்தார், பிறகுதான் என்னிடம் வந்தார். பாடசாலையில் ஊசி போட்ட தாதி அட்டையை வாங்கிப் பார்த்திருக்கிறார். மூன்றாவது கட்டம் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனால் மேலே பிளாஸ்ரிக். பேனை எழுதவில்லை. பாவம், அவர் ஒரு நீலத் தடித்த பேனையால் பிளாஸ்ரிக்கின் மேலேயே திகதியும் கையொப்பமும் போட்டுக் கொடுத்திருக்கிறார். அம்மா அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு வெயிலில் வீட்டுக்கு நடந்தார். நான் அலுமாரியிலிருந்து அட்டையை எடுத்தபோது, மூன்றாவது கட்டத்தின் மேல் நீலமாக ஒரு தீற்றல் மட்டும் இருந்தது.

எனக்கு என்னையே அறைய வேண்டும் போலிருந்தது. புறப்பட இன்னும் பதினொரு நாள். தம்பிக்குச் சொன்னேன். "இனி ஏலாதே அக்கா?" என்று கேட்டான். அந்தக் குரலைக் கேட்டதும்தான் எனக்கு ஓர்மம் வந்தது. "ஏலும். நான் செய்த பிழை, நானே திருத்துறன். நீ விடுமுறையை மாத்தாதை," என்றேன்.

அடுத்த நாள் காலையில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளிநொச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஜெயபுரத்துக்கு இன்னொரு பஸ். டீசல் இல்லாத காலமாதலால் ஓடியதே இரண்டொன்றுதான், மிதிபலகையிலும் ஆட்கள் தொங்கினார்கள். அம்மாவின் முகக்கவசத்தை நான் நிமிடத்துக்கொரு தரம் இழுத்து மூக்குக்கு மேலே விட்டேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

சுகாதாரப் பணிமனையில் இருந்த பரிசோதகர் நடுத்தர வயதுக்காரர், நிதானமானவர். அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஆர் இதை லெமினேற் பண்ணினது?"

"நான்தான் ஐயா."

"இதை உரிக்க வெளிக்கிட்டா எழுத்தும் சேர்ந்து வந்திடும்." மேசையில் அட்டையை வைத்தார். "முடிஞ்ச பேப்பரைத்தான் அக்கா லெமினேற் பண்ண வேணும். இதில இன்னும் எழுதக் கிடந்ததெல்லோ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவ்வளவு வருடம் தொழில் செய்து எனக்குத் தோன்றாத விசயம்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் புது அட்டை எழுதித் தரலாம் என்றார். எந்தத் திகதி? அம்மாவுக்குத் திகதி தெரியாது. "பொங்கலுக்கு அடுத்த கெழம. செவலை மாடு கன்னு போட்ட அன்னைக்கு," என்றார். பரிசோதகர் பொங்கலிலிருந்து பக்கம் பக்கமாக விரலை ஓட்டினார். நான் நின்றபடியே தலைகீழாக வாசித்துக்கொண்டு போனேன். நான்காவது பக்கத்தில் அம்மாவின் அடையாள அட்டை இலக்கம் கிடைத்தது. நான் "அந்தா!" என்று கத்தியதில் அவர் பதறிப்போனார்.

புது அட்டையில் மூன்று ஊசியையும் எழுதி முத்திரை குத்திவிட்டு, பழையதைக் கேட்டார். ஒருவருக்கு இரண்டு அட்டை இருக்கக் கூடாது என்பது விதி.

அம்மா பழைய அட்டையை எடுத்து முந்தானைக்குள் பொத்திக்கொண்டார். "குடுக்க மாட்டேன்."

"அம்மா, புதுசு தந்தாச்சு."

"ஒங்கப்பா இப்படித்தான் குடுத்துட்டு வந்தாரு."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. அம்மா சொன்னதில் பிழையில்லை, விதியிலும் பிழையில்லை. பரிசோதகர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவரிடம் நான் அப்பாவின் பத்திரக் கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இன்னாரிடமிருந்து பழைய அட்டையைப் பெற்றுக்கொண்டு புதிய அட்டை வழங்கினேன் என்று எழுதி, கையொப்பமிட்டு, அதற்கும் ஒரு முத்திரை குத்தி நீட்டினார். அம்மா அதை வாங்கி நாலாக மடித்த பிறகுதான் பழைய அட்டையை மேசையில் வைத்தார்.

மிச்சம் இருந்த நாட்களில் அம்மாவுக்குத் தொற்று வராமல் காவல் காத்தேன். எங்கள் பக்கத்தில் தூரப் போகிறவர் வீடு வீடாகப் பயணம் சொல்லிவிட்டுப் போக வேண்டும். சொல்லாமல் போனால் கோபம் ஆயுளுக்கும் இருக்கும். நான் படலையில் கயிறு கட்டிவிட்டேன். அம்மா முற்றத்தில் கதிரையைப் போட்டு, வேலிக்கு வெளியே நின்றவர்களுக்குச் சத்தமாகப் பயணம் சொன்னார். ஓமந்தையிலிருந்து சைக்கிளில் வந்த மச்சாள், "எங்கயும் போகாத கப்பலுக்கு இவ்வளவு எடுப்போ?" என்று கேட்டுவிட்டு, அரியதரப் பலகாரப் பெட்டியைப் படலையில் கொழுவிவிட்டுப் போனாள். சூடு கண்ட பூனை நான். எவர் என்ன சொன்னாலும் கயிற்றை அவிழ்க்கவில்லை.

புறப்படுவதற்கு முதல் நாள் வவுனியாவில் எடுத்த அன்ரிஜன் பரிசோதனையில் இருவருக்கும் தொற்று இல்லை. அந்தத் தாளோடு கடைக்கு வந்ததும் என் கை லெமினேற் இயந்திரத்தின் பக்கம் போனது. பிறகு அடக்கிக்கொண்டேன்.

சிங்கப்பூர்க் கப்பலடி மண்டபத்தில் தம்பி எங்களுக்கு முன்பே பரிசோதனை முடித்து, ஒரு நாடாவுக்கு அப்பால் நின்றான். தலை நரைத்திருந்தது. திரையில் அது தெரிந்ததேயில்லை. அம்மா நேராக அவனிடம் போக வெளிக்கிட, அங்கிருந்த தாதிப்பெண் தமிழில், "கொஞ்சம் பொறுங்கம்மா, பதினைந்து நிமிஷம்தான்," என்று மறித்து, மூக்குக்குள் குச்சியை விட்டாள். பன்னிரண்டு வருடம் பொறுத்த அம்மா அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பொறுக்க மாட்டாமல் அவளை ஏசினார். நான் அவனைப் பார்க்காமல் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் அழுதுவிடுவேன்.

தொற்று இல்லை என்றதும் நாடாவை விலக்கினார்கள். அம்மா அவனுடைய முகத்தை முகக்கவசத்தோடு சேர்த்துத் தடவினார். நான் வாய்விட்டு அழுதேன், ஒளிக்க ஒன்றுமில்லை.

கடைசி மேசையில் ஒவ்வொருவரும் பேப்பர்களை எடுத்தோம். அம்மா தம்பியின் பயணப் பத்திரத்தைக் கையில் வாங்கி, "இதுல என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டார். இலங்கை தவிர்ந்த எல்லா நாடுகளுக்கும் என்று வாசித்தேன். அம்மா வெறும் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, அதை அவனிடமே கொடுத்தார்.

"இத லெமினேட் கிமினேட் பண்ணிப்புடாத ராசா," என்றார். "இன்னும் எழுத வேண்டியது கெடக்கு."

தம்பி பத்திரத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்தான்.