நாடாவில் வைத்த சந்தனப் பொட்டு

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடங்கள் போய்விட்டன. ஒவ்வொரு நவராத்திரிக்கும் நோட்டும் பேனாவும் எடுத்து வைப்பேன். எடுத்து வைத்ததோடு சரி. பத்தாவதுக்கு மேல் படிக்காதவள், எழுத்துப் பிழை வந்தால் சிரிப்பார்களே என்று ஒரு கூச்சம். சரஸ்வதி தேவி எங்கள் குவார்ட்டர்ஸில் செய்த அற்புதத்தை அரைகுறையாக எழுதினால் குற்றமாகிவிடுமே என்று ஒரு பயம். இப்போது நினைத்தால், நல்ல வேளை எழுதவில்லை. போன மாதம் வரை எனக்குப் பாதிக் கதைதான் தெரிந்திருக்கிறது.

போன மாதம் என் மகன் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். எந்த நாட்டுக்காரரோ, பழைய கம்ப்யூட்டர்களைத் தேடிப் பிடித்து வாங்கி, துடைத்து, ஒவ்வொன்றாகத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி வந்தது. அழிரப்பர் மாதிரி மெத்தென்ற பட்டன்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"டேய், இது நம்ம வூட்ல இருந்துச்சுடா!" என்று கரண்டியும் கையுமாக ஓடினேன்.

"போம்மா, இதெல்லாம் மியூசியத்துல வைக்கற பொருள். உங்க குவார்ட்டர்ஸுக்கு எப்படி வரும்?" என்றான்.

எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

நெய்வேலியில் நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா சுரங்கத்தில் பெர்மனன்ட். அம்மாவின் தம்பி, என் மாமா, காடாம்புலியூரிலிருந்து வந்து எங்களோடு தங்கி கான்ட்ராக்டில் வேலை பார்த்தார். எதிர் பிளாக்கில் ஓர் இன்ஜினியர் மாற்றலாகி வடக்கே போகும்போது, வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த பெட்டி பழுதாகிவிட்டது என்று மாமாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். மாமா அதைத் திறந்து, அறுந்துபோயிருந்த ஒரு ஒயரைப் பற்றவைத்தார். அவ்வளவுதான், பெட்டிக்கு உயிர் வந்துவிட்டது.

டிவியில் ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இந்தப் பெட்டியின் ஒயரைச் சொருக வேண்டும். பட்டனைத் தட்டினால் டிவியில் எழுத்து விழும். நாம் தட்டியது டிவியில் வருகிறது! அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை இன்று எந்தக் கைபேசியும் கொடுத்ததில்லை.

ஒரே ஒரு குறை. கரண்ட் நின்றால் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிடும். அதனால் மாமா தட்டி முடித்ததை டேப் ரெக்கார்டரில் போட்டு கேசட்டில் பதிந்துவைப்பார். அந்தக் கேசட்டை ஓடவிட்டுக் கேட்டால் பாட்டு வராது, ஆயிரம் சில்வண்டு ஒன்றாகக் கத்தினது போல் "கீ...ர்ர்ர்" என்று வரும். அந்தச் சத்தத்தை ஒயர் வழியாகப் பெட்டிக்கு ஊட்டினால் பழையபடி எல்லாம் ஞாபகம் வந்துவிடும்.

"பெட்டி வெறும் பாத்திரம் பாப்பா. புத்தி மொத்தமும் இந்த நாடாவுலதான் இருக்குது" என்று மாமா கேசட்டின் பழுப்பு நாடாவைக் காட்டினார். அந்த வார்த்தைதான் பின்னால் வினையாக முடிந்தது.

மாமா நான்கு மாதம் உட்கார்ந்து ஒரு புரோகிராம் எழுதினார். முதலில் ஒரு நீள நோட்டில் பென்சிலால் எழுதுவார், பிறகு தட்டுவார். வருடத்தில் எந்தத் தேதியைக் கொடுத்தாலும், எந்தக் குரூப்புக்கு அன்று என்ன ஷிப்ட், யாருக்கு வார லீவு என்று அது சொல்லிவிடும். ஷிப்டை வைத்தே கல்யாணம் கருமாதி எல்லாம் நடக்கும் ஊர் எங்கள் ஊர். செய்தி பரவி, சாயங்காலமானால் எங்கள் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்தது.

"தம்பி, தீபாவளிக்கு எங்க வூட்டுக்காரருக்கு நைட் ஷிப்டா பாரு."

"பொங்கலுக்கு எனக்கு லீவு விழுதா பாருப்பா."

பக்கத்து வீட்டு அக்கா டிவிக்கு முன்னால் கைகூப்பிக்கொண்டே, "எம் பொண்ணுக்கு எப்ப வரன் அமையும்னு ஒரு வார்த்த கேளேன்" என்றார்.

"அது ஷிப்டு மட்டுந்தாங்க்கா சொல்லும்."

"ஏன், இம்மாம் பெரிய டிவிய மாட்டிகினு இதுகூடவா தெரியாது அதுக்கு?"

இந்தப் பேச்சு ஓர் ஆபீசர் காதுவரைக்கும் போனது. அவருடைய பிரிவில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். "விஜயதசமி நல்ல நாள். காலையில் ஒன்பது மணிக்கு என் வீட்டுக்குக் கொண்டுவந்து ஓட்டிக் காட்டு. மறுநாள் நான் லீவில் ஊருக்குப் போகிறேன்" என்று சொல்லியனுப்பினார். கான்ட்ராக்ட் ஆளுக்கு இப்படி ஒரு கதவு திறப்பது லேசில்லை. அன்று மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

சரஸ்வதி பூஜை வந்தது. அம்மா எட்டாவது வரை படித்தவள். ஆனால் பூஜை முறையில் ஒரு துளி பிசகவிட மாட்டாள். வீட்டிலிருக்கும் புத்தகம், நோட்டு எல்லாவற்றையும் துவைத்த புடவையில் சுற்றிப் படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டாள். மாமாவின் நீள நோட்டும் அதில் போய்விட்டது. மறுநாள் காலை பூஜை முடித்துப் பிரிக்கிற வரைக்கும் ஒருவரும் அதைத் தொடக் கூடாது, படிக்கக் கூடாது, எழுதக் கூடாது.

"பாப்பா, ஒண்ணு விடாம எல்லாத்துக்கும் பொட்டு வை" என்று சந்தனக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

அப்பாவின் சைக்கிள், டார்ச் லைட், தையல் மிஷின், அம்மி, அரிவாள்மனை, டிவி எல்லாவற்றுக்கும் வைத்தேன். கறுப்புப் பெட்டிக்கும் வைத்தேன். அப்போதுதான் மாமா சொன்னது ஞாபகம் வந்தது. பெட்டி வெறும் பாத்திரமாயிற்றே! உழைக்கிறது நாடாவாயிற்றே! பாத்திரத்துக்குப் பொட்டு வைத்துவிட்டு அதற்கு வைக்காமல் விட்டால் மாமாவின் புத்திக்குப் பூஜையே ஆகாதே! கேசட்டை எடுத்து, நகத்தால் நாடாவைக் கொஞ்சம் வெளியே இழுத்து, நல்ல குழைவாக மூன்று சந்தனப் பொட்டு வைத்து, ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, சுண்டு விரலால் சுற்றி உள்ளே அனுப்பிவிட்டேன்.

மத்தியானம் மாமா ஒருதடவை ஓட்டிப் பார்க்க உட்கார்ந்தார். பூஜையில் வைத்ததை ஓட்டலாமா என்று அம்மா கேட்டதற்கு, "பஸ்ஸுக்குப் பூஜை போட்டுட்டு ஓட்டறது இல்லியாக்கா?" என்று மடக்கினார். கேசட் ஓடியது. சில்வண்டு கத்தியது. திடீரென்று "கொர்ர்" என்று இழுத்து நின்றுவிட்டது. கேசட்டை வெளியே எடுக்கப் போனால் நாடா கசங்கிச் சுருண்டு டேப் ரெக்கார்டருக்குள் சிக்கிக்கொண்டிருந்தது. இழுத்ததில் அறுந்தது. மாமா விரலில் சந்தனம் ஒட்டியிருந்தது.

மாமா என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து, "அக்கா, அந்த நோட்ட மட்டும் எடுத்துக் குடுங்கக்கா. இப்ப ஆரம்பிச்சாத்தான் தட்டி முடிக்கலாம்" என்றார்.

"சாமி முன்னால கட்டி வச்சத எப்படிடா பிரிக்கறது? காலைல பூஜ முடிச்சி எடுத்துக்க."

"காலைல ஒம்பது மணிக்கு அங்க நிக்கணும்க்கா. பதினோரு பக்கம்க்கா."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ போயி கொலு வச்சிருக்கற வூட்டுக்கெல்லாம் போயிட்டு வா. எல்லா வூட்டுலயும் சுண்டல் வாங்கிகினு, ஒரு பாட்டு பாடிட்டு, வெளக்கு வச்சப்புறம் வந்தாப் போதும்" என்றாள். அப்பா மதியம் ஷிப்டுக்குப் போயிருந்தார்.

நான் வீடு வீடாகப் போனேன். கொடுத்த சுண்டலைத் தின்னாமல் பொட்டலமாகவே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு கொலுவிலும் சரஸ்வதி பொம்மையைத் தேடிப் பிடித்து, "தாயே, நான் ஆசையாத்தான் வச்சேன். நாடாவ ஒட்ட வச்சிடு" என்று வேண்டிக்கொண்டேன். ஏழு வீடு.

திரும்பி வந்தபோது எங்கள் வீட்டுக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, "இன்னாடி உங்கம்மா, பூஜையும் அதுவுமா கதவ சாத்திகினு? வெத்தல பாக்கு வாங்கலாம்னு வந்து தட்டித் தட்டிப் பாத்துட்டேன்" என்றார்.

அம்மா கதவைத் திறந்து, "தலவலிக்கா, படுத்துட்டேன்" என்றாள். குரலே வரவில்லை, காற்றுதான் வந்தது. பூஜைக்குப் பாட்டுப் பாடித் தொண்டை கட்டிக்கொண்டது என்று நினைத்தேன். புத்தகக் கட்டு படத்துக்கு முன்னால் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை எட்டரைக்கு மாமா பெட்டியையும் டேப் ரெக்கார்டரையும் கேசட்டையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். பதினோரு மணிக்குத் திரும்பி வந்தபோது சைக்கிளை நிறுத்தாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"ஓடிச்சிக்கா! ஒரே தடவைல ஓடிச்சி! அடுத்த மாசத்துலருந்து கம்ப்யூட்டர் ரூம்ல வேல!"

நான் குதித்தேன். "நாடா ஒட்டிக்கிச்சா மாமா? ஏழு வூட்டு கொலுவுலயும் சாமிகிட்ட வேண்டிக்கினேன்" என்றேன்.

மாமா அம்மாவைப் பார்த்தார். "ஒட்டிக்கிச்சி பாப்பா. நீதான வேண்டிக்கின" என்றார்.

அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? பிளாக் முழுக்க ஓடி ஓடிச் சொன்னேன். ஒரு வாரத்தில், டிவியில் வீணையோடு வெள்ளைப் புடவை தெரிந்தது என்றார்கள். அடுத்த வாரம் மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து ஒருவர் பெட்டியைத் தொட்டுக் கும்பிட வந்தார். நானும் அப்படியே நம்பி, வளர்ந்து, கல்யாணமாகி, போகிற இடமெல்லாம் சொன்னேன். அந்த வருடத்திலிருந்து அம்மா விஜயதசமியன்று பொழுது சாயும் வரை சாப்பிட மாட்டாள். நன்றிக் கடன் என்று நினைத்தேன். அம்மா காலமான பிறகு அந்த விரதத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

மகன் நம்பாததால், மாமா வீட்டுப் பரணிலிருந்து பெட்டியையும் அந்தக் கேசட்டையும் வாங்கிவந்தேன். ஒட்டிய நாடாவைக் காட்டலாம் என்று ஆசையாகத் திறந்தால், நாடாவில் ஒட்டுமில்லை, சந்தனமுமில்லை. மகன் கேசட்டின் முதுகைக் காட்டினான். "இது பாட்டு கேசட்டும்மா. மேல ஓட்டைல பேப்பர் மடிச்சி அடச்சிருக்கு பாரு. கடைல வாங்கின கேசட்டுல திரும்பப் பதியணும்னா இப்படித்தான் அடைக்கணும்" என்றான்.

பழைய டேப் ரெக்கார்டரில் போட்டோம். சில்வண்டு கத்தியது. கத்தி முடித்துச் சற்று நிசப்தம். பிறகு நடுச்சரணத்திலிருந்து ஓர் அம்மன் பாட்டு கிளம்பியது. அம்மா தினமும் விடியற்காலை வாசல் தெளிக்கும்போது போடும் பாட்டு. அந்தப் பூஜைக்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்காத பாட்டு. கேசட் தேய்ந்துவிட்டது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

உடனே மாமாவுக்குப் போன் போட்டேன். கேசட்டில் அம்மாவின் பாட்டு வந்ததைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் சொன்னார்.

"நீ சுண்டலுக்குப் போனதும் உங்கம்மா தோப்புக்கரணம் போட்டுட்டு கட்டப் பிரிச்சாங்க பாப்பா. என் பென்சில் எழுத்த நான் பாத்துப் பாத்துத் தட்டினா நேரம் பத்தாதுன்னு அவங்களே படிச்சாங்க. இங்கிலீசு வார்த்த தெரியாது. ஒவ்வொரு எழுத்தா, பதினோரு பக்கம். கமாவ 'வாலு'ன்னாங்க. டாலர் குறிய 'பாம்புமேல கோடு'ன்னாங்க. நான் சிரிச்சா, 'சாமி குத்தம் பண்ணிகினு இருக்கேன், சிரிக்காதடா, தட்டுடா'ன்னாங்க. பதிய வேற கேசட்டு இல்ல. அவங்க பாட்டு கேசட்ட அவங்களே எடுத்துக் குடுத்தாங்க."

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொல்லாதன்னாங்க. 'சாமிக்குன்னு பொட்டு வச்ச கை. அதால கெட்டுப் போச்சின்னு அவளுக்குத் தோணவே கூடாது'ன்னாங்க."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மகன், "அப்போ ஆயாதான் சரஸ்வதியாம்மா?" என்றான். "வாயை மூடுடா, ஆயா இருந்திருந்தா இதுக்கே வெளக்கமாத்த எடுத்திருப்பாங்க" என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மாமா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்த அந்த விஜயதசமியன்று நான் மிளகு தட்டிப்போட்டுப் பால் காய்ச்சிக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். "குடிம்மா. நாடாவயே ஒட்ட வச்ச சாமி, உன் தொண்டைய சரி பண்ணாதா?" என்று பெரிய மனுஷி மாதிரி தேற்றினேன். அம்மா என் வலது கையை எடுத்து, சந்தனம் வைத்த விரலை மட்டும் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "ம்" என்றாள். பேச்சு வராததால் "ம்" என்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாட ஓடிவிட்டேன்.

படிக்கிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இதை யாருக்காவது சொல்வதானால் உள்ளது உள்ளபடியே சொல்லுங்கள். டிவியில் வீணை தெரிந்ததாகச் சேர்க்க வேண்டாம். வாலையும் பாம்பையும் விட்டுவிட வேண்டாம்.