பெனால்டி முடியும்வரை படிக்கட்டில்

அப்பா லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தொரு வருஷம் ஊரையே மேலும் கீழும் அனுப்பிவைத்தவர், தான் மட்டும் படியேறித்தான் போவார். கேட்டால், உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்தவன் ஏறமாட்டான் என்பார். சும்மா விளையாட்டுக்குச் சொல்வது. அவர் கைபட்ட லிஃப்ட் நடுவழியில் நின்றதாகப் பேச்சே கிடையாது.

அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் பச்சைச் சட்டைக் கால்பந்து அணி. இறுதிப் போட்டி வரைக்கும் அது ஒழுங்காக வரும். அங்கே வந்து சொதப்பும். மறுநாள் காலை பணிமனை அறிவிப்புப் பலகையில் அப்பா ஓர் அறிக்கை ஒட்டுவார். லிஃப்ட் பழுதுக்கு எழுதும் அதே படிவம், அதே நீல மை.

"கோல்கீப்பர்: கதவு உரிய நேரத்தில் மூடவில்லை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர்: தேய்மானம். எண்ணெய் போட்டுப் பயனில்லை. பயிற்சியாளர்: பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. நடுவர்: நம் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வரமாட்டார்."

எத்தனை கோலில் தோற்றாலும் கடைசி வரி மாறாது: "இயங்கும் நிலையில் உள்ளது. ஆட்கள் ஏறலாம்." கீழே கையெழுத்து. அந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போடாமல் எந்த லிஃப்ட்டையும் திறந்துவிடக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் சட்டம்.

ஆட்டம் பெனால்டிக்குப் போனால் மட்டும் அவர் பார்க்கமாட்டார். எழுந்து வெளியே போய்ப் படிக்கட்டுத் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து நிற்பார். முடிவைப் போய்ச் சொல்வது மகளின் வேலை. ஒன்பது வயதில் ஒருமுறை, தோற்றதைச் சொல்ல வாய் வராமல், ஜெயித்துவிட்டோம் என்று சொல்லிவிட்டாள். அப்பா துள்ளவில்லை. மெதுவாக உள்ளே வந்து தொலைக்காட்சியைப் பார்த்தார். திட்டவும் இல்லை. "மோசமான ரீடிங்கா இருந்தா பரவால்ல. தப்பான ரீடிங் குடுக்கக் கூடாது," என்றார். வளர்ந்து மோட்டார் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவுக்கு அவள் போனதற்கு அந்த ஒரு பேச்சுதான் காரணம் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள்.

பிறகு அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனது. ஸ்கேன் முடிவைச் சொல்ல மருத்துவர் கூப்பிட்டபோது அப்பா அறைக்குள் வரவில்லை. நீ போய்க் கேட்டுட்டு வா என்று மகளிடம் சொல்லிவிட்டு, வழக்கம்போலப் படிக்கட்டில் போய் நின்றுகொண்டார். மருத்துவர் மூன்று மாதம் என்றார். படத்தில் கட்டியின் அளவு எழுதியிருந்தது. அளவு பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

படியிறங்கிப் போனாள். "சரியாயிடுமாம்ப்பா. மாத்திரைய மட்டும் விடக்கூடாதாம்."

அப்பா தலையாட்டினார். பத்தாவது வாரம் போய்விட்டார்.

இதை அவள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் பார்க்க வேண்டியவர்களைப் பார்த்திருப்பார், சொல்ல வேண்டியதைச் சொல்லியிருப்பார். அந்தப் பத்து வாரத்தைத் தானே அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதாக அவளுக்கு நினைப்பு.

நான்கு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு மத்தியானம், பச்சைச் சட்டை மறுபடியும் இறுதிப் போட்டி ஆடியது. அம்மா துணி மடித்துக்கொண்டே பார்த்தாள். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. பச்சைச் சட்டையின் ஐந்தாவது பந்து கம்பத்தில் பட்டு, அடித்தவனிடமே திரும்பி வந்தது.

மகள் சத்தத்தைக் குறைத்தாள், கதவைத் திறந்தாள், படியிறங்கினாள். திருப்பத்துக்கு வந்த பிறகுதான் தான் எங்கே போகிறோம் என்பது உறைத்தது. சுவரில் தோள் உயரத்தில், வருஷக்கணக்காக அவர் சாய்ந்த இடம் கறுத்திருந்தது. வந்ததற்குச் சொல்லாமல் திரும்ப மனம் வரவில்லை.

"தோத்துட்டோம்ப்பா."

மேலே வந்தபோது அம்மா தலை நிமிராமல் கேட்டாள். "சொல்லிட்டியா?"

"ம்."

சாயங்காலம் பணிமனை மேஸ்திரியிடமிருந்து போன் வந்தது. அப்பாவோடு இருபது வருஷம் ஒரே ஷிப்டில் இருந்தவர். நாளைக்குப் பயல்கள் எல்லாம் வந்து வெறும் பலகையைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அப்பா பையில் படிவம் இருக்கும், நீயே எழுதிக் கொண்டுவாம்மா என்றார். முடியாது என்றுதான் அவள் சொன்னாள். ஆனாலும் எழுதினாள்.

காலையில் மேஸ்திரி கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"ஐந்தாவது பெனால்டி: திசை சரி, வேகம் சரி. கம்பம் ஒத்துழைக்கவில்லை. கோல்கீப்பர்: பாகம் புதிது, பழுது பழையது. முடிவு சொல்பவர்: ஒருமுறை தவறான ரீடிங் கொடுத்துள்ளார். இனித் திருத்த இயலாது."

கோல்கீப்பர் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தவர் அடுத்த வரியில் நின்றார். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. கடைசி வரியை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

"கணக்கு தப்பும்மா. ஒருமுறை இல்ல, ரெண்டு முறை."

ஒன்பது வயதுக் கதை பணிமனைக்கே தெரிந்தது. சின்னப்பிள்ளைத்தனம் என்று அவள் அதைச் சேர்க்கவில்லை. மற்றது யாருக்கும் தெரியாதே. அவரையே பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே உங்கப்பா இங்க வந்தாரு," என்றார் மேஸ்திரி. "எந்த ஸ்பானர் யாருக்குன்னு பேர் எழுதி ஒட்டினாரு. எம்பொண்ணு ரெண்டு தடவ தப்பான ரீடிங் குடுத்திருக்கா, ரெண்டு தடவையும் வாயத் திறக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சுன்னாரு. படியில உன் காலடிச் சத்தம் நின்னு நின்னு வந்துச்சாம்."

"தெரிஞ்சும் ஏன் மாமா கேக்கல?"

"நானும் அதத்தான் கேட்டேன். அவ்ளோ கஷ்டப்பட்டு ஒரு பொய் சொல்லியிருக்கா, அத எதுக்குக் கெடுக்கணும்னாரு."

அன்றைக்கு மாலையே அப்பா எல்லோரிடமும் பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார் என்றும் மேஸ்திரி சொன்னார். ஒரு பழைய சண்டைக்காரனிடம்கூட.

அவள் மேஸ்திரியின் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினாள். 'ஒருமுறை' என்பதை அடித்துவிட்டு 'இருமுறை' என்று எழுதினாள். பிறகு காகிதத்தைப் பலகையிலேயே வைத்து, நின்றபடி கடைசி வரியை எழுதினாள்: இயங்கும் நிலையில் உள்ளது. ஆட்கள் ஏறலாம்.

ஷிப்டுக்கு வந்தவர்கள் பின்னால் கூடிவிட்டார்கள். கம்பத்தைப் பற்றிய வரியைப் படித்து யாரோ சிரித்தார்கள். கையெழுத்துக்கான இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் அவள் தன் பெயரைப் போட்டாள்.