களத்தில் காய்ந்த கட்டில்

முக்கூடலில் அவித்த நெல் காய்ந்துவிட்டதா என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் பரமசிவன் அண்ணாச்சியிடம்தான் போவார்கள். ரைஸ் மில் களத்தில் அவர் மேஸ்திரி. ஒரு நெல்லை எடுத்துப் பல்லால் கடிப்பார். “இன்னும் ஒரு வெயில் வேணும்” என்பார். அதற்கு மேல் மில் முதலாளிகூடப் பேசமாட்டார். உச்சி வெயிலில் நெல்லைக் குவித்துச் சாக்கால் மூடச் சொல்லிக் களத்துப் பெண்களை விரட்டுவார். அவசரமாகக் காய்ந்த நெல், மெஷினில் நொறுங்கி நொய்யாகிவிடும். இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அவர் வைத்துக்கொள்ளவில்லை.

அவர் மனைவி வடிவம்மாள் கல்யாணமாகி வந்தபோது சீரில் கட்டில் இல்லை. ‘பாயோட வந்தவ’ என்று மாமியார் சாகும்வரை குத்திக் காட்டினாள். மகள் கலையரசிக்கு அந்தப் பேச்சு வரக்கூடாது என்பதில் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கட்சி. கொல்லையில் நின்ற வேம்பை வெட்டிப் பலகையாக அறுத்து முற்றத்தில் போட்டார்கள். அது தொண்ணூற்றிரண்டாம் வருஷம். ஆற்றில் வெள்ளம் வந்த அந்த அடைமழையில் பலகைகள் ஊறித் தொப்பலாகிவிட்டன. கல்யாணமோ தையில்.

இசக்கி ஆசாரி ஒரு பலகையைத் தூக்கிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, இத நிழல்ல அடுக்கணும். நடுவுல குச்சி வச்சுக் காத்து போக விடணும். பைய காயட்டும். சித்திரைக்கு மேல வேலைய ஆரம்பிக்கேன்.”

“தையில கல்யாணம், சித்திரையில கட்டிலா? பேசாம தொட்டிலாவே செஞ்சிரும்.”

“வெயில்ல மட்டும் போட்டுராதிய, முறுக்கிக்கிடும்.”

“காயப்போடுதத பத்தி எனக்கே பாடம் சொல்லுதீரா வே?”

வெயில் அடித்ததுமே பலகைகள் வண்டியேறி மில் களத்துக்குப் போயின. சிமெண்டுத் தரையில் நெல்லுக்குப் பக்கத்தில் கிடத்தினார். நெல்லைக் கிண்டும்போதெல்லாம் பலகையையும் புரட்டச் சொன்னார். உச்சிப் பொழுதில் நெல்லை மூடிய பெண் ஒருத்தி, “பலகையையும் மூடவா அண்ணாச்சி?” என்று கேட்டாள்.

“அதுல என்ன அரிசியா இருக்கு, நொறுங்க?” என்றார்.

பலகையைக் கடித்துப் பார்க்கத்தான் வழியில்லை. நகத்தால் கீறிப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். மேலே காய்ந்துதான் இருந்தது, ஓரமெல்லாம் வெடிக்கும் அளவுக்கு. உள்ளே மட்டும் வெள்ளம் வடியவில்லை. ஆசாரி தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் கல்யாண வேலையை விட மனமில்லாமல், வெடிப்பில் மரத்தூளையும் வஜ்ஜிரப் பசையையும் அடைத்து, வார்னிஷ் பூசிக் கட்டிலை முடித்துவிட்டார். வடிவம்மாள் அதன் மேல் ஜமுக்காளத்தை விரித்துவிட்டு அழுதாள். சந்தோஷ அழுகைதான்.

கட்டில் திருநெல்வேலி டவுணில் சம்பந்தி வீட்டுக்குப் போனது. பங்குனி வெயிலில் தன் சுயரூபத்தைக் காட்டியது. சட்டம் முறுக்கி, ஒரு கால் தரையை விட்டு எழும்பியது. புரண்டு படுத்தால் தெருவுக்கே கேட்டது. புதுசாகக் கல்யாணமானவர்கள் என்ன செய்வார்கள், பாவம்? பாயை விரித்துக்கொண்டார்கள். கலையரசி இதைப் பற்றிப் பிறந்த வீட்டில் மூச்சுவிடவில்லை.

சித்திரையில் பரமசிவன் பலகாரத்தோடு மகளைப் பார்க்கப் போனார். அறையில் சுருட்டிய பாய் சுவரோரம் சாய்ந்து நின்றது.

“கட்டில் எங்கம்மா?”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சம்பந்தியம்மாள்தான் அவரை மொட்டைமாடிக்கு அழைத்துப் போனாள். அங்கே கட்டில் மேல் பழைய வேட்டியை விரித்துக் கூழ்வத்தல் பிழிந்திருந்தது.

“தப்பா நினைக்காதிய அண்ணாச்சி. வேம்புல்லா, எறும்பே அண்ட மாட்டேங்கு. தெருவுல எல்லாரும் இத மாதிரி ஒண்ணு வேணும்னு கேக்காவ.”

அவர் பயந்து நின்ற ‘பாயோட வந்தவ’ என்ற வார்த்தையை அவள் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பழக்கம் விடுமா? குனிந்து ஒரு வத்தலை எடுத்துக் கடித்தார்.

“இன்னும் ஒரு வெயில் வேணும்” என்றார். “உச்சியில மட்டும் மூடிப் போடுங்க தங்கச்சி. அவசரமா காஞ்சா வெடிச்சிரும்.”

சொன்னது தன் காதில் விழுந்ததும் அவர் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். அது ஆடியது.