வீடியோ கேமுக்கு மார்க் போட்ட சார்

எங்க வீட்டு சார் ஃபெயில் ஆகிவிட்டார். ஒரு தடவை இல்லை. ஆறு நாள், தினம் சாயங்காலம், ஊர் பார்க்க.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு எங்க வீட்டு சாரைத் தெரியும். என் கணவர். சங்கரன்கோவிலில் இருபத்தாறு வருஷமாகக் கணக்கு வாத்தியார். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்துக்கே நூற்றுக்கு நாற்பது போட்டவர். இவரைப் போய் யார் ஃபெயில் ஆக்குவார்கள்? ஒரு வீடியோ கேம் ஆக்கிற்று.

ரெண்டு மாதமாக இதை எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன். முடிவு என்ன ஆகும் என்று தெரியாமல் எழுத மனசு வரவில்லை. ஏனென்றால் இதில் இன்னொருவர் பிழைப்பும் மாட்டிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் ஷாகுல். ஏழு வருஷம் சவூதியில், தம்மாமில் இருந்துவிட்டு, போதும் என்று ஊருக்கு வந்தவர். மகளுக்கு மூணு வயசு. இவர் பெட்டியோடு வந்து இறங்கிய அன்றைக்கு அந்தப் பிள்ளை, "உம்மா, யாரோ வந்திருக்காக" என்று உள்ளே ஓடியிருக்கிறாள். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாராம், இனிமேல் வெளிநாடு கிடையாது என்று. கொண்டுவந்ததையெல்லாம் போட்டு ரத வீதி முக்கில் வீடியோ கேம் கடை வைத்தார். மூணு டி.வி. அஞ்சு விளையாட்டு. கேசட்டை மாற்றினால் விளையாட்டு மாறும்.

டி.வி. இருக்கிற வீட்டையே விரல் விட்டு எண்ணுகிற ஊர் இது. டி.வி.க்குள்ளே இருக்கிற காரை நாமே ஓட்டலாம் என்றால்? முதல் வாரம் கூட்டம் அள்ளியது. ரெண்டாவது வாரம் பெற்றோர் விழித்துக்கொண்டார்கள். கண் கெட்டுப்போகும், படிப்பு கெட்டுப்போகும், இதுவும் சீட்டாட்டம் மாதிரிதான்... கடைக்குள் யாராவது நுழைந்தால் தெருவே திரும்பிப் பார்த்தது. பெரிய மனுஷங்க யாரும் வரவில்லை, பிள்ளைகளையும் விடவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் ஷாகுல் எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

"அக்கா, உங்க பத்திரிகைல படத்துக்கு மார்க் போடுதீக. அம்பது போட்டா ஜனம் குடும்பத்தோட போவுது. முப்பது போட்டா தியேட்டர்ல காத்தாடுது. என் கடை விளையாட்டுக்கும் ஒரு மார்க் போட்டுக் குடுங்க. பெரிய மனுஷங்க பாத்துச் சொன்னதுன்னு வாசல்ல போர்டு வச்சிருதேன்."

நான் மார்க் போடுகிற ஆள் இல்லை, அது வேறு பிரிவு, நான் சும்மா வாராவாரம் வம்பளக்கிறவள் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடுவதாக இல்லை.

"இந்தக் கடை ஓடுனா இங்கன இருப்பேன் அக்கா. இல்லைன்னா மறுபடியும் தம்மாம்தான். பழைய கம்பெனில கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்."

உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த சார் காதில் ஒரே ஒரு வார்த்தைதான் விழுந்திருக்கிறது. மார்க்! சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பையில் சிவப்பு மைப் பேனா. அப்போதுதான் திருநெல்வேலியில் பேப்பர் திருத்தும் கேம்ப் முடித்து வந்திருந்தார். கை இன்னும் அடங்கவில்லை போல.

சாரைப் பார்த்ததும் ஷாகுல் சட்டென்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பழைய பயம். ஒன்பதாம் வகுப்பில் இவரிடம் படித்தவர். இவர் திருத்திய கணக்குப் பேப்பரில் ரெண்டு மார்க்கில் ஃபெயில் ஆனவர். அப்புறந்தான் பாஸ்போர்ட் எடுத்தார்.

"நான் போடுதேன்" என்றார் சார். "ஆனா ஒரு கண்டிஷன். நான் என்ன போட்டாலும் அப்படியே எழுதி வைக்கணும். மாத்தக் கூடாது."

"மாத்த மாட்டேன் சார்."

அய்யோ தம்பி, யாரிடம் போய் வாக்குக் கொடுத்தீர்?

மூணு நாள் சாயங்காலம் சார் கடைக்குப் போனார். ஒரு நோட்டு, ஒரு பேனா. ஆடுகிறவர்களுக்குப் பின்னால், கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடக்கிற மாதிரி மெல்ல நடந்திருக்கிறார். விசைத்தறிப் பையன்கள் ரெண்டு பேர் — இவரிடம் படித்தவர்கள்தான் — பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்து, ஓட்டிக்கொண்டிருந்த காரை நேரே கொண்டுபோய் மரத்தில் மோதினார்கள். "ம்" என்று நோட்டில் எழுதிக்கொண்டாராம். ஒரு தடவைகூட விளையாடுகிற கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் தீர்ப்பு வந்தது. அதை அப்படியே தருகிறேன். இலக்கியம் வீணாகக் கூடாது பாருங்கள்.

கார் ரேஸ்: ஓட்டுநர் சாலை விதிகளைப் பின்பற்றவில்லை. மோதியபின் வண்டி புத்தம் புதிதாக நிற்பது நம்பும்படி இல்லை. 31.

டாங்கிச் சண்டை: யார், யாரை, எதற்காகச் சுடுகிறார்கள் என்பது விளக்கப்படவில்லை. 27.

விமானம்: எங்கே புறப்பட்டது, எங்கே போகிறது என்று கடைசி வரை தெரியவில்லை. விடை முழுமை பெறவில்லை. 29.

செங்கல் உடைப்பது: இடிக்க மட்டுமே வழி, கட்ட வழி இல்லை. எனினும் பந்து திரும்பும் கோணங்கள் சரியாக உள்ளன. 36.

அஞ்சாவதுதான் வாளி. ஓட்டு வீடு ஒன்று ஒழுகும். ஒரு குட்டி ஆள் வாளியைத் தூக்கிக்கொண்டு அங்கேயும் இங்கேயும் ஓடி ஒவ்வொரு சொட்டையும் பிடிக்க வேண்டும். மூணு சொட்டு தரையில் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. இதற்கு சார் எழுதியது: எங்கள் வட்டாரத்தில் இவ்வளவு மழை கிடையாது. ஓட்டை மாற்றாமல் வாளியோடு அலைவது முட்டாள்தனம். 22.

முப்பத்தஞ்சு எடுத்தால் பாஸ். அஞ்சில் நாலு அவுட். நான் நோட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"கொஞ்சம் கூடக் குறைய பாத்துப் போடக் கூடாதா?"

"கண்ணால கண்டதுக்குத்தான் போட முடியும்."

 ஷாகுல் கொடுத்த வாக்குப்படி, போர்டில் பெயிண்ட்டால் எழுதி வாசலில் மாட்டினார். ஃபெயில் மார்க்குக்கு அடியில் சிவப்புக் கோடு வேறு. அதுவும் சார் சொன்னதுதான்.

பத்தே நாள். கடையில் ஈ ஆடியது. இதுவரை சும்மா முணுமுணுத்துக்கொண்டிருந்த பெற்றோருக்குக் கையில் சர்ட்டிஃபிகேட் கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. "வாத்தியாரே ஃபெயில் போட்டாச்சு, உனக்கு அங்கன என்னலே வேலை?" எதிர்த்துப் பேச முடியுமா?

பதினோராம் நாள் ஷாகுல் வீட்டுக்கு வந்தார். திண்பண்டப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்துவிட்டு, நின்றுகொண்டே பேசினார்.

"கடையநல்லூர் ஏஜெண்ட் ஆள் விட்டிருக்கான் அக்கா. மாசக் கடைசிக்குள்ள பதில் சொல்லணுமாம். போயிட்டு வாரேன்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்." அப்புறம் சிரித்தார். "சார் என்னைய ரெண்டாவது தடவையும் ஃபெயில் ஆக்கிட்டாக. முதல் தடவையும் தம்மாம், ரெண்டாவது தடவையும் தம்மாம்."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அவர் போனபின் என்னால் உட்கார முடியவில்லை. எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நேரே சாரிடம் போனேன்.

"நீங்க ஒரு தடவையாவது ஆடிப் பாத்தீகளா?"

"சினிமாவுக்கு விமர்சனம் எழுதுதவன் படம் எடுத்தா பாக்கான்?"

"படத்தைப் பாக்கவாவது செய்யுதாம்லா? அதைப் பாக்கதுக்குத்தான் எடுத்திருக்கு. இது ஆடுததுக்கு. மாம்பழத்தை மூக்கால மோந்துட்டு மார்க் போட்டிருக்கீக. அந்தத் தம்பி பிள்ளையை விட்டுட்டுக் கிளம்புதாரு, தெரியுமா?"

சார் எழுந்தார்.  செருப்பை மாட்டினார். நானும் பின்னாலேயே போனேன். இதை யாராவது பார்க்க வேண்டாமா?

கடையில் ஷாகுலும் ஒரு விசைத்தறிப் பையனும் மட்டும். சார் நேராக வாளிக்கு முன்னால் உட்கார்ந்தார். குறைந்த மார்க் போட்டதிலிருந்து ஆரம்பிப்பது நியாயம் என்றார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். கைப்பிடியைப் பிடித்தார். முதல் சொட்டு விழுந்தது. குட்டி ஆள் இடது பக்கம் ஓட வேண்டும் — வலது பக்கம் ஓடினான். ரெண்டாவது சொட்டு. மூணாவது சொட்டு. ஆட்டம் முடிந்தது. மொத்தம் பத்து விநாடி இருக்கும்.

திரையில் பெரிதாகக் காட்டியது: சைபர்.

நான் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டேன். விசைத்தறிப் பையன் கூரையைப் பார்த்தான்.

"இன்னொரு தடவை" என்றார் சார். இந்தத் தடவை ரெண்டு. அடுத்த தடவை ஒண்ணு. நெற்றி வியர்த்துவிட்டது.

"ஷாகுல், இந்த மூணாவது சொட்டுக்கு நான் சரியான பக்கந்தான் போனேன். ஒரு அடிதான் கொறை. அதுக்கு ஸ்டெப் மார்க் கிடையாதா?"

"கிடையாது சார். வாளிக்குள்ள விழுந்தா உண்டு. விழலைன்னா இல்ல."

"வழிமுறை சரியா இருந்தாலுமா?"

"நானும் அன்னைக்கு உங்ககிட்ட இதேதான் சார் கேட்டேன்" என்றார் ஷாகுல், மெதுவாக.

சார் கைப்பிடியை விட்டுவிட்டு அவர் முகத்தையே பார்த்தார்.   எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

மறுநாளும் போனார். அதற்குள் விசைத்தறிப் பையன் தெருத் தெருவாகச் சொல்லி முடித்திருந்தான். கடை வாசலில் இருபது பேர். அதற்கும் மறுநாள் உள்ளே நிற்க இடமில்லை. வந்தவர்கள் யார் என்கிறீர்கள்? இருபத்தாறு வருஷத்தில் இவர் கையால் ஃபெயில் ஆனவர்கள். சிவகிரி பஸ் கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்து நின்றார். திருவேங்கடத்தில் உரக்கடை வைத்திருப்பவர் மெனக்கெட்டு பஸ் ஏறி வந்திருந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு! காய்கறிக் கடையில் கத்தரிக்காய் நிறுக்கிற அம்மா என்னைப் பார்த்துக் கேட்கிறாள், "சார் இன்னைக்கு எத்தனை?"

ஒரு நாள் நாலு. ஒரு நாள் ஏழு. ஒவ்வொரு தடவையும் முடிந்ததும் பின்னாலிருந்து யாராவது, "அடித்தல் திருத்தல் அதிகம் சார்" என்பார்கள். அது இவரே அவர்கள் பேப்பரில் எழுதிய வாசகம்.

சரி, சிரித்துவிட்டுப் போனார்களா? அதுதான் இல்லை. போர்டில் வாளிக்குப் பக்கத்தில் யாரோ சாக்பீஸால் எழுதிவிட்டார்கள், "சார் எடுத்தது: 7". அவ்வளவுதான். கணக்கில் சாரை ஜெயிக்க முடியாதவர்களெல்லாம் வாளியில் ஜெயிக்க வரிசையில் நின்றார்கள். கண்டக்டர் பதினொண்ணு எடுத்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே போனார். மகனைக் கடைப் பக்கம் போகாதே என்று அடித்த அப்பாக்கள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். "எந்தப் பக்கம் போவணும், சொல்லுலே!" வாளி முடிந்தால் கார். கார் முடிந்தால் டாங்கி.

ஆறாம் நாள் சாரிடம் கேட்டே விட்டேன். "உங்களைப் பாத்துச் சிரிக்கத்தான் இவ்வளவு பேரும் வாராக. தெரியுமா?"

"தெரியாம என்ன."

"பெறவு எதுக்குத் தினமும் போறீக?"

"அந்தச் சொட்டு விழுததுல ஒரு கணக்கு இருக்கு. அதைக் கண்டுபிடிக்கணும்" என்றார். முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. முப்பது வருஷம் குடும்பம் நடத்தியதில் எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும்.

விமர்சகர்களைப் பற்றி எனக்கு ஒன்று தோன்றுகிறது. மார்க் போடுவது சுகமான வேலை. நாற்காலி நம்முடையது, பேனா நம்முடையது, நனைவது வேறு ஆள். நானும் உண்டு அந்தக் கூட்டத்தில் — அடுத்த வீட்டுக் கோலத்திலிருந்து டெல்லி பட்ஜெட் வரை எதற்கு நான் மார்க் போடவில்லை? ஒரு தடவை வாளியைக் கையில் கொடுத்தால்தானே தெரிகிறது, சொட்டு எவ்வளவு வேகமாக விழுகிறது என்று!

மாதக் கடைசி நாள் ஷாகுல் மறுபடி வந்தார். இந்தத் தடவை உட்கார்ந்தார். ஏஜெண்டுக்கு வரவில்லை என்று எழுதிப் போட்டுவிட்டாராம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. காப்பி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்த் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் சார் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். மறு மதிப்பீடு செய்கிறாராம். செங்கல்லை அப்படியே விட்டுவிட்டு, மற்ற நாலையும் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில் புதிதாக எழுதினார். முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு.

எனக்குப் பொறுக்கவில்லை. "இம்புட்டுப் பாடுபட்டதுக்கு ஒரு நாப்பதாவது போடக் கூடாதா? கை வராதா உங்களுக்கு?"

ஷாகுல் அவசரமாகக் குறுக்கே வந்தார். "போதும் அக்கா, போதும். கடையும் அம்புட்டுத்தான் ஓடுது. தம்மாம்ல எடுத்ததுல பாதிகூட வராது. ஃபர்ஸ்ட் கிளாஸ் எடுத்தவன்லாம் அங்கன தனியாக் கிடக்கான். ஊர்ல இருக்கதுக்குப் பாஸ் போதும்லா?"

நூற்றுக்கு நூறு வேண்டும் என்று இருபத்தாறு வருஷம் கத்திய மனிதர், பேனாவை மூடினார்.

ஷாகுல் கடை போர்டைப் பார்க்கிறவர்கள் கேலி செய்யாதீர்கள்... முப்பத்தஞ்சு, சில பேருக்குக் கிடைக்கவே கிடைக்காத மார்க்.