பல்லிக் கட்டுரை அச்சேறிய கதை

கண்டுபிடிப்பது பாதி வேலைகூட இல்லை. அதை ஒரு அறிவியல் இதழ் வாங்கிக்கொள்ளும்படி செய்வதுதான் வேலை. அனுப்பிவிட்டுக் காத்துக் காத்து நரைத்துப்போன சகபாடிகளே, நான் திண்டுக்கல் பக்கம் ஒரு நூற்பாலையில் ராத்திரி ஷிப்ட் எலெக்ட்ரீஷியன். படிப்பு பத்தாவதோடு சரி. மற்றதெல்லாம் நானாகப் படித்துக்கொண்டது. சும்மா உட்கார்ந்தால் பழைய துக்கங்களும் பக்கத்தில் வந்து உட்காரும். அதனால் சுவர்ப் பல்லிகளைப் பார்க்க ஆரம்பித்தேன். ஆலையில் டியூப்லைட்டைக் கழற்றி எல்.ஈ.டி. மாட்டியதும் பூச்சி குறைந்தது. பல்லிகள் உயரத்தை விட்டுத் தரையோரம் இறங்கிவிட்டன. இதை என் பெயரில் அச்சில் பார்த்துவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

முன்பின் தெரியாதவர்கள்

முதலில் அனுப்பிய இதழுக்கு, கட்டுரையை மதிப்பிடத் தகுந்த மூன்று நிபுணர்களை நாமே சொல்ல வேண்டுமாம். ஆனால் அவர்கள் நமக்குப் பழக்கமானவர்களாக இருக்கக் கூடாதாம். என் ஆங்கிலத்தைத் திருத்தித் தந்த விலங்கியல் வாத்தியார் லூர்து சாரிடம் போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கையில தெரிஞ்சவன் நாலு பேர்ட்ட விசாரிப்போம். இவன் என்னப்பா, நம்மள யாருன்னே தெரியாதவனாப் பாத்து நம்மளப் பத்தி விசாரிக்கணுங்கிறான்!”

பல்லியின் சம்மதம்

இந்த ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழு அனுமதி தந்தது என்று இதழ் அலுவலகம் கேட்டது. தொடவில்லை, பிடிக்கவில்லை, நின்று பார்த்ததோடு சரி என்று எழுதினேன். சான்றிதழை இணைக்கவும் என்று பதில் வந்தது. மறுபடி விளக்கினேன். அதே பதில், கமாகூட மாறாமல். ஷிப்ட் முடிந்து டீக்கடையில் புலம்பினேன். கடைக்காரர் காதர் பாய் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

“ஏண்ணே, நீங்க பாக்கையில அது கெவுளி அடிச்சுச்சா இல்லையா? அடிச்சுச்சுன்னா சரின்னு சொல்லிருச்சுன்னுதான அர்த்தம்? அத எழுதி விடுங்க!”

ஒரே ஒரு டியூப்லைட்

அந்த இதழை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அனுப்பினேன். இந்த இதழ் அனுமதி கேட்கவில்லை. ஏழெட்டு மாதம் எதையுமே கேட்கவில்லை. பிறகு இரண்டு மதிப்பீட்டாளர்களின் குறிப்பு வந்தது. ஒருவர், கட்டுரையைப் பாதியாகக் குறை என்றார். இன்னொருவர், பழைய விளக்கை மறுபடி மாட்டி, பல்லிகள் திரும்ப மேலே ஏறுகின்றனவா என்று ஒரு மழைக்காலம் பார்க்கச் சொன்னார். நியாயமான கேள்வி, அதனால்தான் எரிச்சல் கூடியது. ஆலை மேலாளர் முன்னால் போய் நின்றேன். முழுசாகக் கேட்டார்.

“முத்து, அம்புட்டுப் பேரும் சம்பளத்தக் கூட்டிக் கேட்டு வர்றாய்ங்க. நீ ஒருத்தன்தான்யா பல்லிக்காக வந்திருக்க. ஜெனரேட்டர் ரூம் சுவத்துல ஒண்ணு மாட்டிக்க. ஆனா மில்லு பேரு எங்கயும் வரக்கூடாது. நூல்ல பல்லி கெடக்குன்னு வாங்குற பார்ட்டி சரக்கத் திருப்பிருவான்!”

நிறுவனம் எது?

பல்லிகள் மேலே ஏறின. எனக்குக் கண் கலங்கிவிட்டது. திருத்திய கட்டுரையை அனுப்ப உட்கார்ந்தால், ‘கட்டுரையாளரின் நிறுவனம்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் பக்கம் நகரவில்லை. கோடு போட்டேன், ஏற்கவில்லை. புள்ளி வைத்தேன்; சிவப்பெழுத்தில் திட்டியது. கடைசியில் வீட்டு விலாசத்தைத் தட்டினேன், வாங்கிக்கொண்டது. பின்னால் நின்ற என் மனைவி செல்வி அதைப் படித்தாள்.

“அப்ப இந்த நிறுவனத்துல பகல்ல தூங்கணும்னா லீவு லெட்டர் எங்கிட்டத்தான் குடுக்கணும், தெரியுமில்ல?”

பூட்டு

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அத்தனை மாதம் தூங்கிய இதழ், அச்சுப்படியைத் திருத்தி இரண்டே நாளில் அனுப்பு என்று விரட்டியது. அனுப்பினேன். போன வாரம் வெளிவந்தது. லூர்து சாரையும் காதர் பாயையும் வீட்டுக்கு அழைத்தேன். செல்வி கேசரி கிண்டினாள். கம்ப்யூட்டரைத் திறந்தால் தலைப்பு, என் பெயர், நாலு வரிச் சுருக்கம், அதற்குக் கீழே ஒரு பூட்டுப் படம். மேலே படிக்கப் பணம் கட்ட வேண்டுமாம், எழுதியவனும்தான். செல்வி கேசரித் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

“எழுதுனது நீங்கதான? பூட்டுறவன் பூட்டட்டும். வாயால சொல்லுங்க, நாங்க கேக்குறோம்.”

சொன்னேன். ஒரு திருத்தமும் கேட்காமல், அன்றைக்கே என் கட்டுரையை ஏற்றுக்கொண்ட ஆசிரியர் குழு இதுவரை அது ஒன்றுதான்.