ஒன்பதாவது சிங்கிளின் விமரிசனம்

டொகாஷி தெத்சுவோவுக்குப் பாட்டு என்றாலே ஆகாது. வட ஜப்பானின் ஹாச்சினோஹே துறைமுகத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் கணவாய்ப் பெட்டிகளை ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் அடுக்குவது அவர் வேலை. நாள் முழுக்க இயந்திர இரைச்சலில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பேஸ்பால் ஆட்டத்தைத் தவிர வேறு சத்தம் காதில் விழக் கூடாது அவருக்கு. மனைவி ஷினோபு சமையலறையில் பாட்டுப் போட்டால், "கொஞ்சம் கம்மி பண்ணு" என்பார். அவளும் கம்மி பண்ணுவாள். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் பாட்டைப் பற்றி அவர்கள் பேசியது அவ்வளவுதான்.

ஷினோபு ஒரு தொடக்கப்பள்ளியில் மதிய உணவு சமைப்பவள். சொந்தப் பிள்ளை கிடையாது. ஷிராதோ மிவா என்ற பாடகியின் சிங்கிள் எனப்படும் ஒற்றைப் பாட்டுத் தட்டுகளையும் ஆல்பங்களையும் ஒன்று விடாமல் வாங்கி, ஒவ்வொன்றுக்கும் விமரிசனம் எழுதி, இணையத்தில் ஒரு பக்கம் நடத்திவந்தாள். 'சமையல்காரி' என்பது அங்கே அவள் பெயர். மிவா அப்படியொன்றும் பெரிய பாடகி இல்லை. பதினேழு வயதில் ஒரு குளிர்பான விளம்பரத்தில் பாடிக் கொஞ்ச நாள் எல்லார் வாயிலும் இருந்தவள், பிறகு படிப்படியாகக் கீழே இறங்கியவள். அவளைக் கைவிடாமல் இருந்தவர்கள் சில நூறு பேர். அதில் ஒரு நாற்பது ஐம்பது பேர் ஷினோபுவின் பக்கத்துக்குத் தவறாமல் வருவார்கள்.

ஷினோபு யாரையும் சும்மா புகழ்கிறவள் இல்லை. அந்தப் பக்கத்துக்கு மதிப்பே அதனால்தான். 'குடை திரும்பவில்லை' என்ற மூன்றாவது சிங்கிளுக்கு இப்படி எழுதினாள்: "ராகம் நல்லா இருக்கு. ஆனா ரெண்டாவது சரணத்துல பொண்ணு மூச்சு வாங்குறது தெரியக் கூடாதுன்னு வயலினைக் கொட்டியிருக்காங்க. உப்பு கரிக்கிற சூப்புல தண்ணி ஊத்துற வேலை." இரண்டாவது ஆல்பத்துக்கு: "பத்துப் பாட்டுல ஏழு ஏற்கெனவே சிங்கிளா வந்தது. நேத்து மிஞ்சின சோத்தை வறுத்து வெச்சிருக்காங்க. நல்லாத்தான் வறுத்திருக்காங்க, ஆனா சோறு நேத்தையது." எந்தப் பாட்டையும் மூன்று விதமாகக் கேட்காமல் எழுத மாட்டாள். வேலை செய்துகொண்டே ஒரு தடவை, குளியல் தொட்டியில் கிடந்தபடி ஒரு தடவை, கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து ஒரு தடவை.

பிப்ரவரி மாதம், பனி கொட்டிய ஒரு காலையில், பள்ளிச் சமையற்கூடத்தில் தலை வலிக்கிறது என்று சொல்லி மாவு மூட்டைமேல் உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆம்புலன்ஸ் பனியில் திணறி வந்து சேர்ந்தபோது உயிர் இல்லை.

நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு, இசைத்தட்டுக் கடையிலிருந்து அவள் பெயருக்கு ஒரு பொட்டலம் வந்தது. முன்கூட்டியே சொல்லிவைத்திருந்த ஒன்பதாவது சிங்கிள். தெத்சுவோ அதைப் பிரித்துப் பார்த்தார், அவள் படத்துக்கு முன்னால் வைத்தார். பிறகு அவள் இறந்த விஷயத்தை அந்த இணையப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குச் சொல்லியாக வேண்டுமே என்று அவளுடைய கணினியைத் திறந்தார்.

அங்கே ஏகப்பட்ட பேர் காத்திருந்தார்கள். "சமையல்காரி அக்கா, ஒன்பதாவதுக்கு இன்னும் எழுதலையே?" என்று ஒருவர். "நீங்க எழுதுற வரைக்கும் பிடிச்சிருக்கா இல்லையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது" என்று இன்னொருவர். கடைசியாக ஒருவர், "என்னக்கா, ஜலதோஷமா?" என்று கேட்டிருந்தார்.

தெத்சுவோ ஒற்றை விரலால் தட்டெழுத ஆரம்பித்தார். என் மனைவி என்று வந்தது. அடுத்த சொல் வரவில்லை. கிடங்கில், கோயிலில், நகராட்சி அலுவலகத்தில் எல்லாம் வாயால் சொன்ன சொல்தான். விரல் மட்டும் போக மறுத்தது. எழுதியதை அழித்துவிட்டு, "ஆமா, ஜலதோஷம்" என்று எழுதினார்.

மளமளவென்று பதில்கள் வந்தன. இஞ்சி போட்டுக் குடிங்க, தொண்டையில துணியைச் சுத்திக்கிட்டுப் படுங்க என்று. இரண்டு மாதமாக அந்த வீட்டில் அவளிடம் யாரும் பேசியிருக்கவில்லை. இறந்துபோனவளைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். இவர்கள் அவளிடமே பேசினார்கள். தெத்சுவோவுக்கு உடம்பெல்லாம் ஒரு வெதுவெதுப்புப் பரவியது. செய்தது தப்பு என்று அப்போதே தெரியும். தெரிந்தும் மறுநாள் மாலையும் கணினியைத் திறந்தார்.

பாட்டைக் கேட்டார். ஒன்றும் பிடிபடவில்லை. "மேளச் சத்தம் ஜாஸ்தி. பொண்ணு பாவம்" என்று எழுதிவைத்தார். "ரெண்டே வரிதானா, உடம்பு இன்னும் சரியாகலை போல" என்றார்கள்.

அதன்பிறகு அவர் மிவாவின் எட்டு சிங்கிள்களையும் மூன்று ஆல்பங்களையும் முதலிலிருந்து கேட்க ஆரம்பித்தார். ஷினோபு எழுதியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் சொன்ன இடம் வரும்போது நிறுத்தி மறுபடி கேட்பார். மூச்சு வாங்குவது கேட்டது. வயலின் கொட்டுவதும் கேட்டது. கேட்கக் கேட்க, சமையலறையில் இத்தனை வருஷம் அவள் தனியாகச் சிரித்துக்கொண்டும் முகம் சுளித்துக்கொண்டும் இருந்தது எதற்கு என்று விளங்கியது. விளங்கி என்ன செய்ய?

கிடங்கில் வண்டி ஓட்டும்போதும் ஒரு காதில் பாட்டை மாட்டிக்கொண்டார். கூட வேலை செய்யும் ஒனுமாவுக்கு அது பெரிய வேடிக்கை.

"என்னப்பா, இந்த வயசுல சின்னப் பொண்ணு பாட்டெல்லாம் கேக்குற? பெண்டாட்டி போனதும் காது தொறந்துக்கிச்சா?" என்றார். சொல்லி முடித்ததும் அவர் முகமே செத்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதே, டொகாஷி."

"இல்ல," என்றார் தெத்சுவோ. "நீ சொன்னது சரிதான்."

பத்தாவது சிங்கிள் ஜூனில் வந்தது. அதை மூன்று விதமாகவும் கேட்டார். சும்மா உட்கார்ந்து கேட்டபோது, பல்லவியின் உச்சியில் ஏதோ உறுத்தியது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதினார்: "மேல ஏறுற அந்த ஒரு வரியில பாடுறது மிவா இல்லை. அவ குரல் மாதிரியே வேற யாரோ பாடி உள்ளே ஒட்டியிருக்காங்க. பொண்ணுக்கு அந்த இடம் இப்ப எட்டலை போல."

"அக்கா பழையபடி வந்துட்டாங்க" என்று எல்லாரும் கொண்டாடினார்கள். தெத்சுவோ ஒரு பீரை உடைத்துக் குடித்தார். அந்த வருஷத்தில் அவர் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு மாலைதான்.

அதே மாதம் 'கூழாங்கல்' என்ற பெயரில் எழுதும் பெண்ணிடமிருந்து தனியாக ஒரு மின்னஞ்சல் வந்தது. மொரியோகாவில் இருப்பவள். பெயர் சயோரி, மெய் என்று ஆறு வயது மகள். "அக்கா, அவர் மறுபடியும் ஆரம்பிச்சிட்டார். போன தடவை நாம பேசினது ஞாபகம் இருக்கா? இப்ப கிளம்பிடட்டுமா? நீங்க சொன்னா செய்றேன்" என்று எழுதியிருந்தாள்.

எதை ஆரம்பித்தார், எங்கே கிளம்புவது, போன தடவை என்ன பேசினார்கள், எதுவும் தெத்சுவோவுக்குத் தெரியாது. புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்பதுவரை புரிந்தது. அடுத்த வீட்டு விவகாரத்தில் தலையிடாமலே ஐம்பது வயதைத் தாண்டியவர் அவர். அந்தப் பழக்கத்திலேயே பதில் போட்டார்: "கொஞ்ச நாள் பொறுத்துப் பாரும்மா. அவசரப்படாதே. குழந்தைக்கு அப்பா வேணும்."

"சரிக்கா" என்று பதில் வந்தது. அதோடு அதை மறந்துவிட்டார்.

இலையுதிர்காலத்தில் மிவா பாடுவதை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. அக்டோபரில் கடைசி ஆல்பம், நவம்பரில் செண்டாய் நகரத்தில் கடைசி நிகழ்ச்சி. இணையப் பக்கத்துக்கு வருகிறவர்கள் எல்லாரும் அங்கே சந்திப்பது என்று முடிவானது. சமையல்காரி இல்லாமல் எப்படி என்றார்கள். சயோரி தனியாக எழுதினாள்: "எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி உங்களைத் தனியா பாக்கணும், அக்கா."

இனியும் மறைக்க முடியாது, அவளிடம் முதலில் சொல்லிவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லலாம் என்று தெத்சுவோ ரயில் ஏறினார்.

அரங்கத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை. ஜன்னலோரம் முடியை ஒரு பக்கமாக இழுத்துவிட்டபடி ஒரு பெண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் அடையாளத்துக்காகக் கடைசி ஆல்பம். தெத்சுவோ போய் அவள் இடது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "சயோரியா?" என்றார். அவள் திரும்பவில்லை. மேஜையைத் தட்டிய பிறகுதான் பார்த்தாள்.

"நான் ஷினோபுவோட வீட்டுக்காரர்."

அவள் எழுந்து குனிந்து வணங்கினாள். "இந்தப் பக்கமா வந்து உட்காருங்க. அந்தக் காது கேக்காது. அக்கா பின்னாடி வர்றாங்களா?"

"அவ பிப்ரவரியில போயிட்டா."

"எங்கே?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள்.

"பிப்ரவரியா," என்றாள். "அப்ப ஜூன்ல எனக்கு எழுதினது?"

"நான்தான்."

பணிப்பெண் வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். பிறகு தண்ணீரை மட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

"போன வருஷம் இதே ஊர்ல, இதே மாதிரி ஒரு நிகழ்ச்சிக்கு வந்தப்ப அக்காகிட்ட எல்லாத்தையும் சொன்னேன்," என்றாள் சயோரி. குரல் உயரவே இல்லை. "எங்க வீட்டு மாடி அறை சும்மாதான் கெடக்கு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு எப்ப வேணா வா, கேக்காமக்கூட வான்னாங்க. நான் கேட்டேன். அதான் நான் பண்ண தப்பு. கேட்டதும் பொறுத்துக்கோன்னு பதில் வந்துச்சு. அவங்களே அப்படிச் சொல்றாங்கன்னா நான்தான் அவசரப்படுறேன் போலன்னு இருந்துட்டேன்."

ஜனவரியில் ஷினோபு மாடி அறையைத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டது தெத்சுவோவுக்கு நினைவு வந்தது. எதுக்கு என்று கேட்டதற்கு, "யாராவது வந்தா வேணுமே" என்றாள். அவரும் பேஸ்பால் செய்திக்குத் திரும்பிவிட்டார்.

"ஆகஸ்ட்ல எங்க வீட்டுக்காரர் அடிச்சதுல இந்தக் காது போயிடுச்சு. மெய் எதிர்லயே. திரும்ப வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப எங்கம்மா வீட்ல இருக்கோம்."

"எனக்குத் தெரியாதும்மா. நீங்க என்ன பேசியிருந்தீங்கன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா தெரியாதுன்னு எழுதியிருக்கலாமே."

தெத்சுவோ மேஜையில் நெற்றி படும்படி குனிந்தார். அவள் எழுந்திருங்கள் என்று சொல்லவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் பார்த்தார்கள். அவர் நிமிர்ந்தபோது அவள் ஆல்பத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நான் உள்ளே போறேன். ஒரு காதுல எப்படிக் கேக்குதுன்னு பாக்கணும். நீங்க வராதீங்க."

"சரிம்மா. மத்தவங்ககிட்ட..."

"அதை நீங்களே சொல்லிக்கோங்க. உங்களுக்காக நான் பொய்யும் சொல்ல மாட்டேன், உண்மையும் சொல்ல மாட்டேன்."

தெத்சுவோ நுழைவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்தபடியே திரும்பும் ரயிலைப் பிடித்தார்.

மறுநாள் எழுதினார். இந்தத் தடவை விரல் நிற்கவில்லை. ஷினோபு இறந்த தேதியையும், அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் தான் எழுதியவை என்பதையும், தன் பெயரையும் எழுதினார். அனுதாபம் சொன்னவர்கள் உண்டு. திட்டியவர்களும் உண்டு. "அன்னைக்கு உங்க ஜலதோஷத்துக்கு இஞ்சி போட்டுக் குடிங்கன்னு எழுதினேனே, அதைப் படிச்சுச் சிரிச்சீங்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை என்று பதில் எழுதினார். நம்பினார்களோ இல்லையோ.

கடைசி ஆல்பத்துக்கு டொகாஷி தெத்சுவோ என்ற பெயரிலேயே விமரிசனம் போட்டார். "எட்டாத இடத்துக்கெல்லாம் இதுல அவ போகலை. எட்டுற இடத்துல நின்னு பாடியிருக்கா. மொத்த ஆல்பமும் தணிஞ்ச குரல்தான். எனக்கு இதுதான் பிடிச்சது. என் வீட்டுக்காரிக்குப் பிடிச்சிருக்குமான்னு தெரியலை." அதற்குக் கீழே யாரும் ஒன்றும் எழுதவில்லை. குளிர்காலத்துக்குள் பக்கத்துக்கு வருவாரே இல்லாமல் போயிற்று. சயோரிக்கு அவர் எழுதிய மன்னிப்புக்கும் பதில் இல்லை.

மறு வருஷம் ஆகஸ்டில், இறந்தவர்கள் வீடு திரும்பும் ஓபோன் நாட்களில், சயோரி மகளோடு வாசலில் வந்து நின்றாள். கையில் பூவும் ஊதுபத்தியும்.

"அக்காவைப் பாக்க வந்தோம்."

உள்ளே விட்டார். படத்துக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து ஊதுபத்தி ஏற்றினாள். மணியைத் தட்டினாள். கைகூப்பியபடி ஏதோ பேச ஆரம்பித்தாள். தெத்சுவோ காதில் விழாத தூரத்துக்குப் போய் பார்லி டீயை ஊற்றி, தர்ப்பூசணியை நறுக்கினார். சிறுமி மட்டும் வந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்து சயோரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். டீயைத் தொடவில்லை.

"அடுத்த வருஷமும் வரலாமா?"

"எப்ப வேணா வாங்கம்மா."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்க வீட்ல இல்லாத நேரமா இருந்தா எனக்குச் சௌகரியம். தப்பா நெனைக்காதீங்க."

"இல்ல. கேஸ் மீட்டர் பெட்டிக்குள்ள சாவி வெச்சிட்டுப் போறேன்."

அவள் தலையாட்டிவிட்டு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அதற்கடுத்த ஓபோனில் ஒனுமாவுக்குப் பதிலாக விடுமுறை நாள் வேலைக்குத் தெத்சுவோ தானே கேட்டுப் போனார். மாலையில் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது வீட்டுக்குள் ஊதுபத்தி வாசனை இருந்தது. அவர் விளக்கைப் போடாமல், அது அடங்கும்வரை நடையிலேயே உட்கார்ந்திருந்தார்.