பழையதாய்ப் பிறந்த பைக்

என் பைக்கைப் பார்க்கிற எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இது எந்த வருஷத்துச் சாமான்?" புதுசு என்று சொன்னால் முகம் வாடிவிடும். வட்ட விளக்கு, டாங்கியின் ஓரத்தில் பொன்நிறக் கோடு, கம்பிச் சில்லு, பளபளக்கும் சைலன்சர் என்று வெளியே எல்லாம் பழைய காலத்து வடிவம். உள்ளே இருப்பது கொம்பியூட்டர் வைத்த இயந்திரம். சோதனைச் சாவடியில் ஒரு பொலிஸ்காரர் சிங்களத்தில் ஆசையாக விசாரித்து, பதிவுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, நான் ஏதோ அவரை ஏமாற்றிவிட்டது போலத் திருப்பித் தந்தார். அவர் மனம் ஆறட்டும் என்று, "புத்தகத்தில்தான் புதுசு, ஓடினால் பழசு மாதிரி" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

நான் கற்பிட்டியில் வலையும் கயிறும் விற்கிறவன். பட்டத்தில் தொங்கிக்கொண்டு கடலில் ஓட வருகிற வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றின் வாசலில்தான் இந்த மாதிரி பைக்கை முதலில் கண்டேன். அது என் கடைக்குப் போகிற வழியே அல்ல. அதன் பிறகு ஒவ்வொரு நாளும் அந்த வழியாகத்தான் கடைக்குப் போனேன். இந்த வயதில் ஒரு மனிதனுக்கு ஆசை வந்தால் ஊர் என்னென்னவோ நினைக்கும். பைக் என்று தெரிந்தபோது ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

சும்மா சொல்லக் கூடாது, நன்மைகள் உண்டு. சோளகக் காற்று அடிக்கிற மாதங்களில் சின்ன பைக்குகள் பாதையின் மறுபக்கத்துக்குத் தள்ளப்பட்டுவிடும், இது அசையாது. களப்புக் கரைப் பாதையில் காலையில் ஓட்டினால் சத்தம் போடாமல், அவசரம் காட்டாமல், தன்பாட்டில் போகும். வங்கி முகாமையாளர் என்னிடம் வலியக் கதைக்கத் தொடங்கியதும் இதனால்தான். அதை நன்மையில் சேர்ப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

தீமைகளைக் கேட்டால் நாள் போதாது. காற்றில் அசையாத அந்தப் பாரம் எங்கள் வீட்டு ஒழுங்கையின் மணலிலும் அசையாது. நிறுத்தினால் ஸ்டாண்ட் மணலில் புதையும். அதற்கென்றே ஒரு பலகைத் துண்டைச் சட்டைப் பையில் கொண்டு திரிகிறேன். கம்பிச் சில்லுக்கு டியூப் டயர்தான். பஞ்சர் என்றால் சில்லையே கழற்ற வேண்டும், அதனால் பஞ்சர் ஒட்டுகிறவர் என்னைத் தூரத்தில் கண்டதுமே சாப்பிடப் போய்விடுவார். எல்லாவற்றுக்கும் மேலே உப்புக் காற்று. அது காலையில் துடைத்த குரோமியத்தில் மத்தியானம் கைவைக்கும். கடையில் இருந்ததை விட அதைத் துடைத்துக்கொண்டு இருந்த நேரம்தான் அதிகம்.

ஆனால் இவை ஒன்றும் பெரிய தீமை இல்லை. பெரிய தீமை, என் மனைவி அதில் ஏறவில்லை.

முன்பு எங்களிடம் ஒரு சின்ன பைக் இருந்தது. கலியாணம் முடித்த காலத்திலிருந்து வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு அதில்தான் எத்தாலையில் இருக்கிற அவளுடைய மூத்த சகோதரி ராத்தாவின் வீட்டுக்குப் போவோம். அவள் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து, என் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, வழி நெடுக ஏதாவது கதைத்துக்கொண்டு வருவாள். காற்றில் பாதி கேட்காது. கேட்காத இடங்களில் ஓம் என்பேன். புது பைக் வந்ததும் பழையதை அவளுடைய தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். அவளிடம் கேட்கவில்லை. பெரியது வந்த பிறகு சின்னது எதற்கு என்று எனக்குள்ளே நானே கேட்டு நானே பதிலும் சொல்லிக்கொண்டேன்.

அவள் பைக்கைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"பின்னுக்கு எங்க இரிக்கிற?"

இருக்கையைக் காட்டினேன். அது அழகாக இருந்தது. ஒரு மனிசி உட்கார்வதைப் பற்றி யோசிக்காத ஒருவர் செய்த அழகு.

"அபாயா செயின்ல சுத்தினா உசிரு பெய்த்து மையத்துதான்" என்றாள். "நீங்க போங்க. நான் த்ரீவீல்ல வாறன்."

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முன்னால் த்ரீவீலில் அவள், பின்னால் பைக்கில் நான். அமைச்சருக்குப் பாதுகாப்புப் போவது போல இருக்கும். த்ரீவீல்காரர் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார். முந்திப் போகலாம், ஆனால் முந்திப் போய் ராத்தா வீட்டில் என்ன சொல்வது? ஒரு தடவை அவள் வண்டிக்குள் அந்த த்ரீவீல்காரரோடு சிரித்துக் கதைத்துக்கொண்டு போவது தெரிந்தது. என் பைக்கின் சத்தம் அன்று எனக்கே பிடிக்கவில்லை.

இரும்பு ஒட்டு வேலை செய்கிறவரிடம் கொண்டுபோய், செயின் பக்கம் கம்பி வலை அடித்து, கால் வைக்க ஒரு தட்டும் போட்டேன். கோழிக்கூட்டுக்கு மிஞ்சிய கம்பியில் அடித்தாரோ தெரியாது, பைக் பாதியளவு அசிங்கமானது. அவள் பார்த்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையும் த்ரீவீலைத்தான் கூப்பிட்டாள். வாரங்கள் போயின. இனி ஏறமாட்டாள் என்றே நினைத்துவிட்டேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, தொழுதுவிட்டு வந்தேன். அவள் இனிப்பு வட்டிலப்பச் சட்டியைத் துணியில் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு பைக்கின் பக்கத்தில் நின்றாள்.

"இண்டைக்கு உங்களோட வாறன்."

காரணம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவாள். ஒழுங்கை மணலில் பிரேக்குக்கு வேலை இல்லை. மெதுவாக உருண்டு பெரிய பாதைக்கு வந்தோம். ஒரு கை சட்டியில், மற்றது என் சட்டை ஓரத்தில். பின்னால் அவள் ராத்தாவின் மருமகனைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். ஓம் என்றேன். எனக்குப் பெருநாள் வந்த மாதிரி இருந்தது.

வளைவைத் தாண்டியதும் நடுப் பாதையில் ஒரு கழுதை நின்றது. எங்கள் பக்கத்துக் கழுதைகள் ஒலிப்பானுக்கு அசைவதில்லை, அவை பஸ்ஸுக்கே அசைவதில்லை. பிரேக்கைப் பிடித்தேன். பைக் நிற்கவில்லை. காலால் மிதித்தேன். அதுவும் இல்லை. கழுதை எங்களை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் இடப் பக்கம் ஒடித்தேன், பாதையை விட்டு இறங்கி ஒருவருடைய வெங்காயத் தோட்டத்துக்குள் போனோம். மணல் பிடித்துக்கொண்டது. மெல்லச் சரிந்தோம். சுழன்றுகொண்டிருந்த தண்ணீர்க் குழாய் ஒன்று எங்கள் இரண்டு பேரையும் நனைத்துவிட்டுப் போய், சுற்றி வந்து மீண்டும் நனைத்தது.

யாருக்கும் காயமில்லை. அவள் சட்டியைக் கவிழவிடாமல் இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி வெங்காயத்தில் உட்கார்ந்திருந்தாள்.

சில்லோடு சுழல்கிற பிரேக் தட்டைத் தொட்டுப் பார்த்தேன். வழுக்கியது. விரலை முகர்ந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

எங்கள் ஊரில் இரும்பு என்று ஒன்று இருந்தால் அதற்குத் தேங்காய் எண்ணெய் பூச வேண்டும். பூட்டு, கதவுக் கொண்டி, தையல் மெசின், சைக்கிள் ரிம், எல்லாம். பூசாதவனை உப்புக் காற்று தின்றுவிடும். ஆனால் பிரேக் தட்டுக்குப் பூசியது யார் என்று என் கோபம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நான்தான் பூசினேன்" என்றாள். "நீங்க தொழப் போன நேரம். துரு புடிச்சா நீங்க தாங்க மாட்டீங்களே. மினுங்கிற எடம் ஒண்டு விடாமப் பூசினேன்."

கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. மாதக்கணக்காக ஏறாமல் இருந்தவள், ஏற முடிவு செய்த அன்று முதலில் செய்த வேலை அது.

தோட்டக்காரர் ஓடி வந்தார். கழுதையைத் திட்டினார். பிறகு பைக்கைப் பார்த்து, "பழைய சாமான், பிரேக் பெய்த்திரிக்கும்" என்றார். நான் மறுக்கவில்லை. அந்த நேரம் பாதையில் நம் த்ரீவீல்காரரும் வந்து நிறுத்தினார்.

"ராத்தா, ஏறுங்க. நான் கொண்டுபெய்த்து விடுறேன். நானா பொறகு வரட்டும்" என்றார் அவளிடம். நானா என்றது என்னை.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஏறத்தான் போகிறாள், இனி என்றைக்கும் அதில்தான். அவள் எழுந்து, அபாயாவில் ஒட்டிய மணலைத் தட்டி, பாதைக்கு நடந்துபோய், வட்டிலப்பச் சட்டியை த்ரீவீலின் பின் இருக்கையில் வைத்தாள்.

"இத ராத்தாட ஊட்டுல குடுத்துடுங்க. நாங்க வாறோம்னு செல்லுங்க."

த்ரீவீல் சட்டியை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது. அவள் தோட்டக்காரரிடம் சவர்க்காரத் தூளும் தேங்காய்த் தும்பும் வாங்கி, குந்தி உட்கார்ந்து, கருகிய சோற்றுச் சட்டியைத் தேய்ப்பது போலப் பிரேக் தட்டுகளைத் தேய்த்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். தோட்டத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தேன். முதலில் வழுக்கியது, பிறகு பிடித்தது, கடைசியில் நன்றாகவே பிடித்தது. ஆனாலும் எனக்குப் பயம்தான்.

"நான் தள்ளிக்கொண்டு வாறன், நீங்க நடங்க" என்றேன்.

"எத்தால வரைக்கும் தள்ளுறதா? ஸ்டார்ட் பண்ணுங்க."

ஏறி உட்கார்ந்தாள். கை இப்போது சும்மா இருந்ததால், சட்டை ஓரத்தை விட்டு என் இடுப்பைச் சுற்றிப் பிடித்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நடுப் பாதையில் அவள் அப்படிப் பிடித்ததில்லை. தோட்டக்காரர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் மிகவும் மெதுவாக ஓட்டினேன், பிரேக்கை நம்பாததால் மட்டுமல்ல.